அன்றைய உச்ச எண்

2026 பிப்ரவரி 19, வியாழக்கிழமை, மாசி ஏழு. காலையில் கல்வராயன் மலைச்சரிவிலிருந்து இறங்கிய பனி எட்டு மணி வரை கரும்புக் காட்டை விட்டு அகலவில்லை. பகலில் மேகமற்ற வானம், வெப்பம் முப்பத்து மூன்று பாகை, காற்று கிழக்கிலிருந்து மிக மெதுவாக.

...வரட்டும், மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகத்தார் மூன்று மணி என்று சொன்னால் அது நான்காகவும் இருக்கும் ஐந்தாகவும் இருக்கும், அதற்காகத்தான் பள்ளியில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள், தேதியையும் வானிலையையும் குறிப்பேட்டின் மேல்வரியில் எழுதியாகிவிட்டது, கீழ்வரி மட்டும் காலியாக இருக்கிறது, அந்தக் காலியிடத்தில் இன்று விழப்போகும் எண்ணைப் பார்த்து அவன் தலை குனிய வேண்டும், குனிந்தால் மட்டும் போதுமா, போதாது, அடுப்பு இடிபட வேண்டும், கொப்பரை கவிழ்ந்து துருப்பிடிக்க வேண்டும், அந்தக் கொட்டகையில் கோழி அடைய வேண்டும்... செந்தமிழ்ச்செல்வி தன் வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கிழக்கு நோக்கிப் போட்டு அமர்ந்திருந்தாள். எழுபதடி தொலைவில் அவளுடைய கொழுந்தன் தெய்வசிகாமணியின் வெல்லம் காய்ச்சும் கொட்டகை. தலைக்கு மேலே, உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்ட சோற்று டப்பா ஒன்று, அதன் பக்கங்களில் சூடான கம்பியால் போட்ட பன்னிரண்டு துளைகள், முன்பக்கச் சிறு கண்ணாடியில் பச்சை ஒளியில் ஒரு எண். 164. எதிரி அமைதியாக இருக்கிறான் என்று பொருள். இல்லை, எதிரி நடிக்கிறான் என்று பொருள்.

அந்த டப்பாவைப் பார்த்துச் சிரிக்காதவர் கச்சிராயபாளையத்தில் யார் மிச்சம்? பால் ஊற்றுகிறவன் சிரித்தான், எதிர்வீட்டுக் கமலா சிரித்தாள், பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் பிரவீன்குமார் உதட்டை மட்டும் ஒரு பக்கமாக இழுத்து, ஆய்வக உதவியாளருக்கு ஆராய்ச்சி வேறயா மேடம் என்று கேட்டார், கேட்டுவிட்டு அவள் கழுவிக் கவிழ்த்த கண்ணாடி முகவைகளில் ஒன்றை எடுத்து அழுக்கிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பத்தாறாவது வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதியவள் அவள், முப்பத்தெட்டில் பன்னிரண்டாம் வகுப்பு, அந்தத் தேர்வுக் கூடத்தில் அவளைக் கண்காணிப்பாளர் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். பிரவீன்குமாருக்கு இருபத்திரண்டு வயதில் அப்பா வீட்டுச் செலவில் கிடைத்ததை அவள் இரவல் புத்தகத்தில் வரி வரியாகக் கிழித்துத் தின்றிருக்கிறாள். அவருக்குத் தெரியுமா, இந்த நூற்று நாற்பது ரூபாய் உணரிக்குள்ளே என்ன இருக்கிறதென்று? விரலுக்கு மாட்டும் தையல் தொப்பியைப் போல ஓர் எஃகு வலைமூடி, அதனுள் ஒரு பீங்கான் குழல், குழலின் மேல் வெள்ளீய ஆக்சைடுப் பூச்சு, உள்ளே வெப்பமூட்டும் கம்பிச்சுருள். மாசு வாயு படிந்தால் பூச்சின் மின்தடை குறைகிறது, தடை குறைந்தால் எண் கூடுகிறது. இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒருவர் கோட்டுப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

சுத்தமான காற்றில் எண் எவ்வளவு என்று முதலில் அறிய வேண்டும், அதை அறியாமல் எதை மாசு என்பது? அதற்காகக் கார்த்திகையில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினாள். விளக்கு மினுக்மினுக்கென்று எரிவதைக் கண்டு நடத்துநர், "இன்னாம்மா அது, வெடிக்கிற சாமானா? எறங்கிப் போயிடும்மா, எனக்குக் கொழந்த குட்டிங்க இருக்குது" என்றான். "காத்து அளக்கறதுய்யா" என்றாள். "காத்த இன்னாத்துக்கு அளக்கறீங்க, மலைல சும்மாவே குடுக்கறான்" என்று அவன் சொல்ல, பேருந்து முழுவதும் சிரித்தது. சிரிக்கட்டும். மலைமேல் ஒரு சாமை வயலின் வரப்பில் நான்கு மணி நேரம் டப்பாவைக் காவல் காத்து உட்கார்ந்தாள், 118 என்று நின்றது, ஆடவில்லை அசையவில்லை, அந்த 118-ஐக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டாள். டிசம்பர் முதல் தேதியிலிருந்து நேற்று வரை எண்பது நாள்கள், நாளொன்றுக்கு ஓர் எண், அன்று நாள் முழுவதிலும் ஏறிய உச்ச எண். மாலை ஆறு மணிக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் அது தெரியும், எழுதிக்கொண்டு மறுபொத்தானை அழுத்தினால் அழியும். எத்தனை மணிக்கு அந்த உச்சம் வந்தது என்பதையும் சொல்ல வைக்கலாம், அதற்கு இன்னொரு சில்லு வேண்டும், இன்னும் இரண்டு பக்க நிரல் எழுத வேண்டும், அதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. மணி எதற்கு? யார் எரிக்கிறான் என்று தெரியாதா? 390, 402, 377, 415... எழுதும்போதெல்லாம் பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுந்தியது, பின்பக்கத்தில் தடவினால் எண்கள் விரலுக்குத் தட்டுப்படும்.

கணவர் இருமியதற்கு எண் இல்லை. அப்போது டப்பா இல்லை. அன்புச்செல்வன் இரவில் ஒருக்களித்துப் படுத்து, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஊதுகுழல் போல இழுத்து இழுத்து மூச்சு விடுவார், கிழக்குச் சன்னலைச் சாத்தினாலும் துணி அடைத்தாலும் அந்த ரப்பர் நாற்றம் உள்ளே வந்து உட்காரும். பாகப் பிரிவினையில் கொட்டகை தம்பிக்கு, வீடும் ஒன்றரை ஏக்கரும் அண்ணனுக்கு. சக்கையை எரித்துப் பாகு காய்ச்சுவதுதான் உலக வழக்கம், ஆனால் சக்கை காய இரண்டு வாரம் ஆகும், செருப்புத் தொழிற்சாலைக் கழிவு ரப்பரோ ஒரு லாரி வந்தால் ஒரு மாதம் எரியும், நின்று எரியும், அதன் கரும்புகை அன்புச்செல்வனின் நெஞ்சுக்குள் போய்த் தங்கினால் சிகாமணிக்கு என்ன? போய்க் கேட்டாள். "அண்ணனே பத்தவெச்ச அடுப்புதானே அண்ணி, இருவது வருசமா அவரே தள்ளாத ரப்பரா" என்றான், வெற்றிலையைக் கடைவாய்க்கு மாற்றிக்கொண்டு. பொய். அப்படியே இருந்தாலும்... இல்லை, பொய்தான். பதினாறு மாதங்களுக்கு முன்பு, ஓர் ஐப்பசி விடியலில், இழுப்பு நின்றது. பாடை தூக்க வந்தவன் சிகாமணி, தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தவன், விம்மி விம்மி அழுதவன், பதினெட்டாம் நாள் மீண்டும் கொப்பரையை ஏற்றினான். அந்த அழுகையை எந்த உணரியில் காட்டுவது?

இதோ வருகிறான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னால் அடுப்புக்குச் சக்கை தள்ளுகிற அய்யனாரையும் இழுத்துக்கொண்டு, வேலிப் படலைத் திறந்து நேரே வருகிறான், தன் வீடு போல. கொட்டகைப் புகைபோக்கியில் இன்று வெள்ளைப் புகை, சலவைத்துணி போன்ற வெள்ளை, காய்ந்த சக்கையை மட்டும் போட்டிருக்கிறான், ரப்பர் மூட்டைகளை எங்கோ தள்ளியிருக்கிறான். யார் சொன்னது இவனுக்கு? யாரும் சொல்ல வேண்டாம், ஆய்வுக்கு வருவதை இரு தரப்புக்கும் முன்னதாகத் தெரிவிப்பது விதி என்று அவள் மனுவுக்கு வந்த கடிதத்திலேயே இருந்தது, திருடனுக்கு நாள் குறித்துக் கொடுக்கிற விதி.

"இன்னா அண்ணி, டிவி ஓடிக்கினு இருக்குதா? இன்னிக்கு இன்னா படம்?" என்று டப்பாவை அண்ணாந்து பார்த்தான் சிகாமணி.

"ஒன் படம்தான். கொஞ்ச நேரத்துல போடுவாங்க, இருந்து பாத்துட்டுப் போ."

"நூத்தி அறுவத்தி நாலுன்னு இருக்குது. பாஸா பெயிலா?" என்றான் அய்யனார், உண்மையாகவே அறிய விரும்புகிறவனைப் போல.

"நீ எடுத்த மார்க்கா இருந்தா பாஸுதான்" என்று சிகாமணி அவன் முதுகில் தட்டினான். இருவரும் சிரித்தார்கள். அவள் குறிப்பேட்டை மடியில் திருப்பி வைத்துக்கொண்டாள். சிரிப்பவனின் பற்களில் வெற்றிலைக் காவி, இரண்டு முன்பற்களுக்கிடையில் இடைவெளி, அவருக்கும் அதே இடத்தில் அதே இடைவெளி இருந்தது, அதை ஏன் இவன் முகத்தில் வைத்தான் இறைவன், அப்படி ஒருவன் இருந்தால்... பார்வையைப் புகைபோக்கிக்குத் திருப்பினாள்.

ஜீப் மூன்றே முக்காலுக்கு வந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வாளர் சந்தோஷுக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்காது, முகத்தில் மரியாதை இருந்தது, அந்த மரியாதைதான் அவளுக்கு எரிச்சலூட்டியது, நோயாளியிடம் காட்டுகிற மரியாதை. டப்பாவை ஒரு நாற்காலியின் மேலேறிப் பார்த்தார், துளைகளை எண்ணினார், "நீங்களே செஞ்சீங்களாம்மா? நீட்டா இருக்குது" என்றார். நீட்டாக இருக்கிறதாம். குழந்தை வரைந்த மயிலைப் பார்த்துச் சொல்வது போல. "இது எம்க்யூ நூத்தி முப்பத்தஞ்சு சென்சார்தானே? எந்த வாயுவக் காட்டுது?" அவள் எழுந்து நின்றாள், இந்தக் கேள்விக்காக எத்தனை இரவு படித்திருக்கிறாள், அம்மோனியா, நைட்ரஜன் ஆக்சைடுகள், ஆல்ககால், பென்சீன், புகை, கரியமில வாயு ஆகியவற்றுக்கு வினைபுரியும் சார் என்று ஒரு சொல்லும் தடுக்காமல் ஒப்பித்தாள், ஒப்பித்து முடித்த கணத்தில் அவர் தலையசைத்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "எல்லாத்துக்கும்தான் வினைபுரியும், சரி. இப்ப ஏறுன எண்ணு இதுல எதனாலன்னு அது சொல்லுமா?" என்றார். சொல்லாது. சொல்லாதென்று அவளுக்கும் தெரியும், அந்த வரியை அவள் தரவுத்தாளில் படித்திருக்கிறாள், படித்துவிட்டு வேகமாக அடுத்த வரிக்குப் போயிருக்கிறாள். "எதிர்ல என்ன எரியுதோ அதத்தான் சார் சொல்லும்" என்றாள்.

அவர் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும். எண்பது நாள்கள். வெள்ளிமலையின் 118-இலிருந்து ஏறிய எண்பது படிகள். சிகாமணி கைகட்டித் தூணோரம் நின்றான், அவனுக்கு எண்கள் புரியாது, ஐந்தாம் வகுப்போடு கரும்பு வெட்டப் போனவன், இன்றைக்கு அவனைவிடப் படித்தவள் அவள், இதை எண்ணும்போதே நெஞ்சில் ஓர் இனிப்பு ஊறியது... அப்போதுதான் அவன் தொண்டையைக் கனைத்தான்.

"சார், ஒரு சின்ன டவுட்டு. தப்பா நெனச்சிக்காதீங்க. அதுல அமாவாசைக்கு இன்னா போட்டிருக்குதுன்னு கொஞ்சம் பாருங்க."

"ஏன்?"

"அமாவாசைன்னா நாங்க அடுப்பு பத்தவெக்கறதில்ல சார். எங்கப்பா காலத்துலேர்ந்து. மொத நாள் ராத்திரியே அணைச்சிட்டு, கொப்பரையக் கழுவிக் கவுத்துடுவோம். ஆளுங்க அல்லாம் மலைக்கிப் போயிடுவாங்க. ஊரக் கேளுங்க, அய்யனாரக் கேளுங்க. அண்ணியே இருவத்தஞ்சி வருசமாப் பாத்தவங்கதான்."

உண்மைதான். அது உண்மைதான், அதை அவள் மறந்திருந்தாளா? மறக்கவில்லை, குறிப்பேட்டில் டிசம்பர், ஜனவரி என்றுதான் எழுதினாள், பாடப்புத்தகச் செய்முறையில் போடுகிற மாதிரி, அதில் அமாவாசைக்கு ஏது இடம்? சந்தோஷ் கைப்பேசியில் நாள்காட்டியைத் தேடினார், விரலால் தேய்த்தார், பிறகு பக்கங்களைத் திருப்பினார். டிசம்பர் பத்தொன்பது, உச்ச எண் 421. ஜனவரி பதினெட்டு, தை அமாவாசை, 467. அவர் மற்றப் பக்கங்களையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நோட்டுலயே இதுதாம்மா ஜாஸ்தி" என்றார். முந்தாநாள், பிப்ரவரி பதினேழு, 438. அய்யனார் முதலில் சிரித்தான், மூக்கால், அடக்கமாட்டாமல். "அண்ணி, அடுப்பே இல்லாம பொகயா? அந்தப் பொட்டிக்கு எதுனா பேய் புடிச்சிருக்கும், மந்திரிச்சிடுங்க" என்றான் சிகாமணி, இடுப்பில் கைவைத்து, வயிறு குலுங்க.

பற்றவைத்திருக்கிறான். திருட்டுத்தனமாகப் பற்றவைத்திருக்கிறான், அமாவாசை என்று ஊரை நம்ப வைத்துவிட்டு. அல்லது யாரோ டப்பாவைத் தொட்டிருக்கிறார்கள், கமலாவாக இருக்கும், அவள் பிள்ளை... இல்லை, கயிறு அவள் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. அப்படியானால் முந்தாநாள் என்ன? நினைத்துப் பார், செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கு விடுப்பு, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை, குளித்து ஈரப்புடவையோடு உளுந்தை ஆட்டினாள், வாழைக்காய் வறுவல், பூசணிக் கூட்டு, அன்புச்செல்வனுக்குப் பிடித்த மிளகு தூக்கலான வடை, தலைவாழை இலையை நுனி இடப்பக்கம் வரும்படி போட்டு, படத்துக்கு முன் தண்ணீர்ச் சொம்பு... பிறகு கொட்டாங்குச்சியைக் கொளுத்திக் கனலாக்கி, தூபக்காலில் இட்டு, அதன்மேல் சாம்பிராணியை ஒரு பிடி, இரண்டு பிடி. கூடம் முழுவதும் வெண்மையாக எழும்பி, படம் மறைந்து, அவர் நிற்பது போலவே... தூபக்காலை ஏந்திக்கொண்டு ஒவ்வோர் அறையாகக் காட்டினாள். சமையலறை. அவர் படுத்திருந்த அறை. காக்கைக்குச் சோறு வைக்கப் பின்கதவைத் திறந்தாள், தாழ்வாரத்துக்கு வந்தாள், தூபக்கால் கையிலேயே இருந்தது, காக்கை வரும்வரை நின்றாள், கா கா என்று அழைத்துக்கொண்டு, இதோ இந்த இடத்தில், இந்த டப்பாவுக்கு நேர் கீழே. தை அமாவாசைக்குக் காக்கை வர நெடுநேரம் ஆயிற்று. அதனால்தான் 467. மாலை ஆறு மணிக்குப் பொத்தானை அழுத்தி எண்ணைப் பார்த்தபோது அவள் கிழக்கே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பாவி, இன்றைக்குமா என்று பல்லைக் கடித்தபடி எழுதினாள்.

ரப்பருக்கு 415. அவருக்கு 467. அந்த எஃகு வலைமூடிக்கு இரண்டும் ஒன்று.

"அம்மா," என்றார் சந்தோஷ், குரலைத் தாழ்த்தி, வழி காட்டுகிறவரைப் போல, "அந்த மூணு நாளும் வூட்ல எதுனா பொக போட்டீங்களா? சாம்பிராணி, ஊதுபத்தி, வெறகடுப்பு, அந்த மாதிரி?"

எளிய கேள்வி. ஆமாம் என்றால் அந்த மூன்று எண்களுக்கு விளக்கம் கிடைத்துவிடும், ஆனால் மற்ற எழுபத்தேழு எண்களும் அவளை விட்டுப் போய்விடும். டப்பாவுக்குச் சாம்பிராணியும் தெரியாது ரப்பரும் தெரியாது என்று அவள் வாயாலேயே சொன்னதாகிவிடும், தூணோரம் அந்தப் பல்லிடுக்குச் சிரிப்பு, நாளைக்குப் பள்ளியில் ஓர் உதட்டுச் சுழிப்பு, இன்றிரவே அடுப்பில் ரப்பர். இல்லை என்றால்? இல்லை என்றால் அமாவாசையன்று கவிழ்த்த கொப்பரைக்குப் பின்னால் அவன் எதையோ எரித்திருக்கிறான், அவ்வளவுதான், அவன்தான் பொய்யன் ஆவான். அவன் எத்தனை பொய் சொல்லியிருக்கிறான்! அவளுக்கு ஒன்று கூடாதா? அவள் அப்பா கருப்புச் சட்டைக்காரர், மகளுக்குச் செந்தமிழ்ச்செல்வி என்று பெயரிட்டவர், திதி திவசம் எதையும் வாசலில் ஏற்றாதவர், அவர் மகள் இதைச் சொன்னால் நம்பாதவர் யார்?

"ஒண்ணும் இல்ல சார். அமாவாசை, படையலு, பொக, அதெல்லாம் எங்க வூட்ல கெடையாது. எங்கப்பா அப்படி வளக்கல."

சொற்கள் சுத்தமாக வந்தன. ஒன்றும் தடுக்கவில்லை. சிகாமணியின் சிரிப்பு பாதியில் நின்றுபோனதைக் கண்டாள், ஆகா, பட்டுவிட்டது, பட்டது நன்றாகவே பட்டது, அவன் முகம் சாம்பல் பூத்தது, தன் அடுப்புக்காக வாதாட வேண்டியவன் அதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். இதைத்தானே எண்பது நாளாக விரும்பினாள்?

சந்தோஷ் குறிப்பேட்டை மூடி, இரு கைகளாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் இந்தப் பொட்டிய வெச்சி எதுவும் எழுத முடியாது, ஆமான்னும் எழுத முடியாது, இல்லன்னும் எழுத முடியாது. நீங்க மனு குடுத்தீங்க, அதுக்காக வந்தேன். அடுப்புக்குள்ள இருக்குற சாம்பலக் கொஞ்சம் எடுத்துக்கினு போறேன். ரப்பர் எரிச்சிருந்தா சாம்பல்ல துத்தநாகம் நிக்கும். ரிசல்ட்டு வர ஒரு மாசம் ஆவும்" என்று சொல்லிக்கொண்டே படலைத் தாண்டி நடந்தார், அய்யனார் மண்வெட்டியோடு முன்னால் ஓடினான். அப்படியானால்... அப்படியானால் முதலிலிருந்தே சாம்பல்தானா? 421-உம் 467-உம் அவருக்கு ஒரு பொழுதுபோக்குக் கேள்வியா? ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் இதே சாம்பலைத்தான் அள்ளியிருப்பாரா? அவள் சொன்ன அந்த ஒரு பொய்யை யார் வாங்கிக்கொண்டார்கள்? அவர் வாங்கவில்லை. எழுதக்கூட இல்லை. காற்றில் நிற்கிறது அது.

சிகாமணி போகவில்லை. தூணை விட்டு இரண்டடி வந்து நின்றான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கீழே விட்டிருந்தான், எப்போது என்று அவள் கவனிக்கவில்லை.

"படைக்கலியா அண்ணி?"

அவள் குறிப்பேட்டின் மூலையை மடித்து நீவினாள்.

"தை அமாவாசைக்குமா?"

இவன் எதற்கு இப்படிக் கேட்கிறான், கேலி செய்கிறானா, இது என்ன புதுத் தந்திரம்...

"நான் எங்க வூட்ல எல போடல அண்ணி. செத்தவருக்கு அவரு வூட்லதான் போடணும், ஒரு ஆளுக்கு ரெண்டு எடத்துல போட்டா எங்க போய் உக்காருவாரு, அண்ணி போடுவாங்கடின்னு எம் பொண்டாட்டிகிட்ட நாந்தான் சொன்னேன். அவ எடுத்து வெச்ச எலைய மடிச்சி வெச்சிட்டேன்." அவன் குரல் உயரவில்லை. "மூணு அமாவாசை. அதுக்கு முன்னாடி எத்தினியோ. எம்மேல இருக்குற கோவத்துல அவர எதுக்கு அண்ணி பட்டினி போட்டீங்க?"

வடை, பூசணி, இடப்பக்கம் நுனி, நெடுநேரம் வராத காக்கை. ஒரு சொல் போதும். நான் போட்டேன் என்று ஒரு சொல், அது நாக்கு வரை வந்து நின்றது, அந்தச் சொல்லோடு கூடவே அந்தப் பொய்யும் வெளியே வரும், அதுவும் இவனிடம், இவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க... சிரிப்பானா? இவன் முகத்தைப் பார்த்தால் இப்போது சிரிக்கிறவன் முகமாக இல்லையே.

"இனிமே நான் பாத்துக்கறேன்" என்றான். "அடுத்த அமாவாசைலேர்ந்து எங்க வூட்ல போட்டுக்கறேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அந்தப் பொட்டிய மட்டும் பாத்துக்கினு இருங்க."

படல் திறந்து மூடிற்று. கொட்டகையின் பக்கம் ஜீப்பின் கதவு சாத்தும் ஓசை, சாம்பல் பொட்டலம் ஏறிவிட்டது போலிருக்கிறது. அடுத்த அமாவாசைக்கு இன்னும் இருபத்தேழு நாள், அவள் தன்னை அறியாமலே எண்ணிவிட்டிருந்தாள்; அன்றைக்கு அவள் இலை போட்டால் ஓர் ஆளுக்கு இரண்டு இடம், போடாவிட்டால் அவர் படலைத் தாண்டி அந்த வீட்டுக்குப் போய் உட்காருவார், அந்தத் தம்பியின் கையால் சாப்பிடுவார், சாப்பிட மறுப்பாரா? மறுக்கமாட்டார், அவருக்கு அவன்மேல் ஒருநாளும் கோபம் இருந்ததில்லை, இருமிக்கொண்டே அவனுக்காகப் பரிந்து பேசியவர்... அது ஏன் இத்தனை நாளாக நினைவுக்கு வரவில்லை? அவள் படல் வரை நடந்தாள், சிகாமணியின் முதுகு இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது, கூப்பிட வாய் திறந்தபோது ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கோமுகி அணைச் சாலைக்குத் திரும்பியது, அந்தப் புழுதி அடங்கும்வரை அவள் படலைப் பிடித்தபடி நின்றாள். அப்போது மணி மாலை நான்கு நாற்பத்திரண்டு.